புகைக்குள் சிறகடித்தது

பர்மாவின் மோல்மீனில் இதய ஸ்கேன் எடுக்கும் டோ யாமினுக்குக் கை சுத்தம், வாய்தான் ஓட்டை. இருட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அந்த வாயைத் தவிர வேறு துணை கிடையாது. நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும் ஆரம்பித்துவிடுவாள். காலையில் தின்ற மொஹிங்காவில் மீன் முள் இருந்தது, தாய்லாந்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டது, எல்லாம் வரும்.

“ஸயாமா வாயை மூடினா மிஷின் நின்னுபோச்சுன்னு அர்த்தம்” என்று வெளியில் காத்திருப்பவர்கள் கேலி செய்வார்கள். டாக்டரம்மா, நர்சம்மா, டீச்சரம்மா எல்லாருமே அங்கே ஸயாமாதான்; பெயருக்கு முன்னால் மூத்தவளானால் டோ, இளையவளானால் மா. அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. திரையில் கெட்டது தெரிந்தால் யாமின் இன்னும் வேகமாகப் பேசுவாள். அந்த நேரத்தில் மௌனமானால் படுத்திருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடுமே.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மா ஸபே வந்தாள். முப்பது வயது இருக்கும். கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் வழிந்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்று அவளுடைய சித்தி டோ ஞோ பிடிவாதமாக இழுத்து வந்திருந்தாள். இரவெல்லாம் மூச்சு முட்டி உட்கார்ந்தே விழித்திருந்த ஸபே, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

யாமின் ஜெல் தடவிக் கருவியை அழுத்தினாள். இடப்பக்கத்து வால்வு கெட்டியாகிச் சரியாகத் திறக்கவில்லை. அதற்கு மேலறை வீங்கிக் கிடந்தது. உள்ளே இரத்தம் ஓடாமல், மூடிய அறையில் ஊதுவத்திப் புகை சுருளுவதைப் போல மெல்லச் சுழன்றது. டாக்டர்களும் அதைப் புகை என்றுதான் சொல்வார்கள். புகை தெரிந்தால் பக்கத்தில் எங்கேயாவது இரத்தம் உறைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். யாமின் கருவியைக் கொஞ்சம் சாய்த்தாள்.

புகைக்குப் பின்னால் சுவரில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு வெள்ளையாக ஏதோ ஒன்று இருந்தது. விரிந்தது. மடங்கியது. மறுபடியும் விரிந்தது. யாமின் எத்தனையோ இரத்தக் கட்டிகளைப் பார்த்தவள். அவை பெரும்பாலும் கல்லைப் போலச் சும்மா கிடக்கும். இது துடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

“அடியம்மா, லெய்ப்யா மாதிரியே பறக்குதே!”

அந்த ஊரில் பட்டாம்பூச்சிக்கும் லெய்ப்யாதான். ஆள் தூங்கும்போது உடம்பை விட்டு உலாவப் போய்த் திரும்புகிற உயிருக்கும் லெய்ப்யாதான். அதனாலேயே தூங்குகிறவர்களை யாரும் உலுக்கி எழுப்புவதில்லை. ஸபே தானாகவே கண் விழித்துவிட்டாள். திரையைப் பார்த்தாள்.

இளைய டாக்டர் ஹேய்ன் வந்து எடுத்துச் சொன்னார். “இது இரத்தக் கட்டிம்மா. பிச்சுக்கிட்டுத் தலைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும், உயிரே போகலாம். இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சா மெதுவா கரையும். அப்புறம் ரங்கூன் போய் வால்வைச் சரி பண்ணிக்கலாம்.”

“என் லெய்ப்யாவையா கரைக்கப் போறீங்க?” என்றாள் ஸபே.

யாமினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தாள். “அடி பைத்தியமே! நான் பாத்தப்போ நீ குறட்டை விட்டுத் தூங்கினே. உன்னோடதா இருந்தா அந்நேரம் அது ஊர் சுத்தப் போயிருக்காதா? இது உள்ளேயேதானே இருந்துச்சு? அப்ப இது உன்னோடது இல்ல.”

சரியான அடி என்று டாக்டர்கூடத் தலையாட்டினார். டோ ஞோ மட்டும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“அப்ப யாரோடது?” என்று கேட்டாள் ஸபே.

அவளே சொன்னாள். “அக்காவோடது. போன மழைக்கு தன்லுவின் ஆத்துல படகு கவுந்துச்சே, அதுல போனவ. உடம்பு கிடைக்கல. அவளைக் கூப்பிட்டு ஒரு சடங்கும் பண்ணல. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சு வாங்குது.” நெஞ்சில் ஒட்டியிருந்த ஜெல்லைக் குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். “போக இடமில்லாம எங்கிட்ட வந்திருக்கா.”

மருந்து வேண்டாம் என்று போய்விட்டாள்.

யாமினுக்குத் தன் நாக்கை அறுத்தெறியலாம் போலிருந்தது. கண்ணை மூடினால் அது சிறகடித்தது. மனசு கேட்காமல் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அக்கரையிலிருக்கும் ஸபே வீட்டுக்கே போனாள். ஸபே சிரித்த முகமாக உட்காரவைத்து லபெட் என்கிற ஊறவைத்த தேயிலை கொடுத்தாள். மாத்திரைகளை மரியாதையாக வாங்கி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டாள். ஒன்றைச் சாப்பிட்டு முடித்து, இறால் ஊறுகாய் வைத்திருந்த மற்றதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு இந்த இறால் ஊறுகாய் ஆகவே ஆகாது ஸயாமா. அவளுக்குத்தான் உசுரு.”

முகம் சுளிக்காமல் அதையும் தின்று முடித்தாள்.

தடிஞ்ஜூ விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு ஸபே, சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இருட்டறைக்குள் வந்தாள்.

“நெஞ்சு காலியா இருக்கு ஸயாமா. விடியக்காலையில அக்கா எங்கயோ போயிட்டா. கொஞ்சம் பாருங்க.”

யாமின் பார்த்தாள். புகை சுழன்றுகொண்டிருந்தது. சுவர் வெறுமையாக இருந்தது. அப்படியும் இப்படியும் சாய்த்துத் தேடினாள். இல்லை. மாத்திரை தின்றவள் என்றால் கரைந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். இவள் ஒன்றுகூடத் தின்னவில்லை. அப்படியானால் அது பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. கட்டி இந்த உடம்புக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

“சிரி பாப்போம். ரெண்டு கையையும் தூக்கு. உன் பேரச் சொல்லு.”

சிரித்தாள். தூக்கினாள். சொன்னாள். தலைக்குப் போகவில்லை.

“வரும்போது ஏன் நொண்டினே?”

“வண்டியில இடிச்சுக்கிட்டு உக்காந்து வந்ததுல மரத்துப்போச்சு. வலிக்கவும் செய்யுது.”

யாமின் அவள் லுங்கியை முட்டிவரை உயர்த்தினாள். இடது கால் மெழுகாக வெளுத்திருந்தது. தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனின் குளிர்ச்சி. பாதத்தில் விரல் வைத்து நாடி தேடினாள். எதுவும் துடிக்கவில்லை.

சர்ஜன் உடனே தயாராகிவிட்டார். தொடையில் சின்னதாகக் கீறிக் கட்டியை இழுத்துவிடலாம், தாமதித்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார். ஸபே கத்தி வேண்டாம் என்று கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டோ ஞோ அழுதாள், திட்டினாள், கும்பிட்டாள். பலிக்கவில்லை.

யாமின் குனிந்து அவள் காதோரம் பேசினாள். “உங்க அக்கா தொடையில வந்து நிக்கிறா. வெளிய போக வழி கேக்குறா. ஆத்துல மூச்சு முட்டிச் செத்தவடி அவ. மறுபடியும் அடைச்சு வைக்கப் போறியா?”

ஸபே தன் வெளுத்த காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கம்பியை விட்டாள்.

கால் பிழைத்தது. வீட்டுக்கு அனுப்புமுன் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். சுவரில் ஒன்றுமில்லை. புகை மட்டும் அவசரமில்லாமல் சுருண்டுகொண்டிருந்தது. ஸபே திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

“வேற யாராவது வர்றாங்களா ஸயாமா?”

வால்வு, இரத்த ஓட்டம் என்று விளக்கியிருக்கலாம். ஒருமுறை விளக்கப் போய்ப் பட்டது போதாதா?

“வருவாங்க. கதவு கெட்டுப்போன வீடுடி இது. ரங்கூன்ல சரி பண்ற வரைக்கும் இந்த மாத்திரைதான் தாழ்ப்பாள். தினமும் போடணும்.”

ஸபே மாத்திரையை வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. வாய்க்குள் மாத்திரையோடு குழறிக்குழறிக் கேட்டாள்.

“அக்காவே திரும்பி வந்து தட்டினா?”

யாமின் டம்ளரை எடுத்தாள்.

“திறக்காதே” என்று சொல்லித் தண்ணீரை அவள் வாயருகே கொண்டுபோனாள். ஸபே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு திரும்பி விழுங்கினாள்.