அமெரிக்க மூக்கு

மூன்று வருடங்களுக்கு முன், ஆக்லாந்தின் குளிர்காலத்தில் நடந்தது. அப்போது ஹில்ஸ்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதே நகரின் ஆல்பனி பகுதியில் கம்ப்யூட்டர் வேலை.

அந்த வீட்டு அக்கா நர்ஸ். அவருடைய அப்பாவை நான் ஐயா என்பேன். ஐயாவின் கொள்ளுத்தாத்தா ஓர் அமெரிக்கர் என்பது குடும்பமே நம்பிய சங்கதி. போரில் படங்களும் கடிதங்களும் போய்விட, மிஞ்சியவை அவருடைய ஆங்கிலப் பெயர், ஊரில் ஆசிரியராக இருந்தார் என்ற தகவல், அப்புறம் ஐயாவின் கூர்மையான மூக்கு. ஐயாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, அமெரிக்காவரை போகும் வம்ச மரம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுக்க அக்காவுக்கு ஆசை.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. அந்த மனுசனைக் கண்டுபிடிச்சுத் தாரும்."

படிச்ச பிள்ளை என்று சொல்லிவிட்டால் நான் எதையும் செய்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

ஆறே வாரத்தில் பிடித்துவிட்டேன். அதே பெயர், அதே காலம். அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் மரக்கடை வைத்திருந்தவர். கல்லறையின் படம்கூடக் கிடைத்தது. இலங்கைக்குக் கப்பல் ஏறியதற்குத்தான் ஒரு குறிப்பும் இல்லை. அது உறுத்தியிருக்க வேண்டும். நான் வம்ச மரத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா டொராண்டோ உறவுகளுக்கெல்லாம் கல்லறைப் படத்தை அனுப்பினார். கேக்கில் அமெரிக்கக் கொடி போடவும் சொல்லியாயிற்று.

விழாவுக்கு முந்தைய நாள் காலை, ஒரு நூலகத்திடம் நான் கேட்டிருந்த நகல் மின்னஞ்சலில் வந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய விடுதிப் பள்ளியின் பதிவேடு. அதில் ஒரு சிறுவன். தமிழ்ப் பெயர், தகப்பன் கூலியாள், எழுத்தறியாதவர். அதற்கு எதிரே அவனுக்கு வைத்த புதுப் பெயர், மரக்கடைக்காரரின் பெயர். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கரின் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைப்பது அன்றைய வழக்கமாம். பின்னாளில் அங்கேயே ஆசிரியர் ஆனான் என்றும் எழுதியிருந்தது. கொள்ளுத்தாத்தா அந்தச் சிறுவன்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் என் தப்பைச் சுவரில் பார்த்தே வளர்வார்கள். சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். "அப்ப அந்த மனுசன் எங்களுக்கு ஆர்?"

"ஃபீஸ் கட்டினவர், அக்கா."

"நாளைக்கு அம்பது பேர் வருகினம். அப்பாவிட்ட நீரே போய்ச் சொல்லும். என்னால ஏலாது."

ஐயா கண்ணாடியைப் போட்டு நகலை இரண்டு முறை வாசித்தார். பிறகு மூக்கைத் தடவினார்.

"அப்ப இது?"

"உங்க சொந்த மூக்குதான், ஐயா."

"இவ்வளவு காலமும் அவன்ரை எண்டெல்லோ வச்சிருந்தன்."

சிரிக்கவில்லை. நகலில் சிறுவனின் பெயர்மேல் விரலை வைத்து, "இந்தப் பொடியன்ரை பேரை மேல போடும். தமிழ்ப் பேரையே போடும்" என்றார்.

அன்றே மாற்றி அச்சடித்து வந்தேன். உச்சியில் சிறுவனின் பெயர். அமெரிக்கருக்கு ஓரத்தில் ஒரு கட்டம். மறுநாள் கொடி போட்ட கேக்கை வெட்டி, "முதல் துண்டு ஃபீஸ் கட்டினவருக்கு" என்றார் ஐயா. அவர் வர வழியில்லை என்பதால் அக்கா அதை என் தட்டில் வைத்தார்.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே என் அப்பாவின் கைநாட்டு இருக்கிறது. முன்பெல்லாம் அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது யார் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் அந்தக் கைநாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.