சங்கீதம் ஏலம் போன வெள்ளிக்கிழமை

ராய்ஸ் டக்கெட் வாயைத் திறந்தால் மாட்டுச் சந்தையே கிடுகிடுக்கும். டெக்சாஸில் அந்த வட்டாரத்துக்கே அவன்தான் ஏலக்காரன்; மாட்டு விலையை ராகம் போட்டு மடமடவென்று பாடியே ஏலம் விடுவான். சனிக்கிழமை சந்தை, ஞாயிறு கிறிஸ்தவ சபை. மற்ற நாளெல்லாம் அவன் வீட்டில் சும்மா கிடப்பான். மகள் மேபல் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அப்பனும் மகளும் முகம் பார்த்துப் பேசுவதே அபூர்வம்.

அதனால்தான் சபைக்காரர்கள் நடத்தும் பள்ளியில் அவளைச் சேர்த்தான். அங்கே வாரத்தில் பாதி நாள் வகுப்பு. மீதி நாள் வீட்டில் பெற்றோரே பாடம் நடத்த வேண்டும். யாராவது காரணம் கேட்டால், "பிள்ளை விசுவாசத்துல வளரணும்ல!" என்று நெஞ்சை நிமிர்த்துவான். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையைச் சொல்ல மட்டும் மகராசனுக்கு வெட்கம்.

மனைவி வெர்னா ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் முழுக்க வேலை. வீட்டில் பாடம் நடத்தும் வேலை ராய்ஸ் தலையில் விழுந்தது; அவன் உருப்படியாகச் செய்வான் என்று அவளுக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

"நீ வாத்தியார் வேலை பாக்குற லட்சணம் வெள்ளிக்கிழமை ஸ்கூல் மேடையில தெரிஞ்சிரும். எல்லார் முன்னாடியும் அவ பைபிள் சங்கீதத்தை ஒழுங்கா ஒப்பிக்கலேன்னு வையி, பழைய ஸ்கூலுக்கே அனுப்பிருவேன், பாத்துக்க!"

ராய்ஸ் அன்றைக்கே மகளோடு பைபிளை விரித்து உட்கார்ந்தான். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொடுத்தான்; மரக்கரண்டியால் சாப்பாட்டு மேசையைத் தட்டித் தட்டி. மேபலும் சிரித்துச் சிரித்துப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெற்றோர் எல்லாரும் உட்கார்ந்திருக்க, மேபல் மேடையேறித் தொண்டையைச் செருமினாள். அப்புறம் பிடித்தாளே பாருங்கள், ஒரு ஓட்டம்! மேய்ப்பரும் புல்வெளியும் தண்ணீரும் மூச்சுவிடாமல் சடசடவென்று பறந்தன. ஒரு சொல் விடவில்லை. கடைசியில் கையை நீட்டி, "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று முடித்து, மேடையிலிருந்த டெஸ்க்கில் ஓங்கித் தட்டினாள்.

கூடம் கொல்லென்று சிரித்தது. வெர்னா தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று ராய்ஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"மேபல்! கர்த்தருடைய வார்த்தையை ஏலம் விடச் சொல்லி யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்றார் ஆசிரியை ஹோல்காம்ப்.

"எங்கப்பாதான் மிஸ்," என்றாள் மேபல் பெருமையாக. "முன்னெல்லாம் மாட்டுக்கு மட்டும்தான் இப்படிப் பாடுவாரு. இப்ப எனக்கும் பாடுறாரு."

சிரிப்பு நின்றுவிட்டது. ராய்ஸ் தொப்பியை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை; அவன் தோள் மட்டும் குலுங்கியது. வெர்னா அவன் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த சங்கீதத்தையாவது கொஞ்சம் மெதுவா விடு, ராய்ஸ்," என்றாள்.