துட்டி வாசித்த குரலில் ஒரு காலை நிகழ்ச்சி

முப்பிடாதியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் எனக்குத் தெரியும். உடன்குடிப் பக்கத்து ஊர்களில் யாராவது இறந்துபோனால், சவுண்ட் சர்வீஸ்காரர் ஆட்டோவில் குழாய் கட்டி, தெருத் தெருவாக அறிவிப்பு ஓடவிடுவார். எங்கள் பேச்சில் அதற்குத் துட்டி சொல்வது என்று பெயர். நான் பிளஸ் டூ படித்த வருஷம் ஓடிய அறிவிப்புகளில் எல்லாம் ஒரே குரல். கனமான, அவசரமில்லாத குரல். செத்தது யாரென்றே தெரியாவிட்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லும்.

பிறகு தூத்துக்குடியில் விஸ்காம் என்கிற ஊடகப் படிப்பில் சேர்ந்த முதல் நாள், ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொண்டோம். எங்களில் பாதிப் பேர் அவரவர் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அந்தப் பெருமையில் ஆளாளுக்குக் குரலை உயர்த்தித்தான் பேசினோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒல்லியாக ஒருவன் எழுந்தான். “என் பெயர் முப்பிடாதி” என்றான். பேரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினான். எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

இடைவேளையில் போய், “துட்டி வாசிக்கது நீதானல?” என்று கேட்டேன்.

“அது வேற ஆளு” என்றான். அதையும் அதே குரலில்தான் சொன்னான்.

அவன் மறைத்ததில் நியாயம் இருந்தது. அவன் ஆக ஆசைப்பட்டது ரேடியோ ஜாக்கி. காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியைச் சிரித்துக்கொண்டே எழுப்புகிற ஆள். அப்படிப்பட்டவன், ஊரில் நிரந்தரமாகத் தூங்கப் போனவர்களுக்காகப் பேசியவன் என்று வெளியே தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

அந்த வேலை அவனுக்கு வந்தது மைக் ஆசையால். பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்ட வந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி, அவன் வரவேற்புரை வாசித்ததைக் கேட்டுவிட்டுக் கடைக்கு வரச் சொன்னார். சுற்று வட்டாரத்தில் உருப்படியான மைக் இருந்த ஒரே இடம் அந்தக் கடைதான். அண்ணாச்சிக்குத் தொழில் கறார். “பேரச் சொல்லிட்டு ஒரு மூச்சு விடுல. அப்பம்தான் தெருவுல உள்ளவ, ‘ஐயோ, அவியளா!’ன்னு கேக்க நேரம் கிடைக்கும். மவன், மருமவன் பேரு ஒண்ணு விட்டுப்போனாலும் சண்டை நம்ம கடைக்குத்தான் வரும், பாத்துக்க.” முப்பிடாதி ஒருத்தர் பேரையும் விட்டதில்லை. மூச்சையும் விடாமல் இருந்ததில்லை. அறிவிப்பு பென் டிரைவில் ஏறி ஆட்டோவில் ஓடும். அவன் தின்பண்டம் வாங்கித் தின்றுகொண்டே, தன் குரல் தெரு முனையில் திரும்புவதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். அதுவும் ஒரு ஒலிபரப்புதானே என்று நினைத்துக்கொள்வான்.

வீட்டில் இந்தப் படிப்பை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. அம்மா சீனித்தாய் தெருவில் “டிவி படிப்பு” என்று சொல்லிவைத்தாள். மறுநாளே எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள். “ஏளா சீனித்தாயி, எங்க டிவில கோடு கோடா வருது. உம்மவன ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லேன்.”

அப்பா தாணுலிங்கம் பலசரக்குக் கடைக்காரர். நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். “பேசுததுக்கு ஒரு படிப்பால? உங்க அம்மை எந்தக் காலேஜுல படிச்சா?” என்று கேட்டார். பிறகு நிபந்தனை போட்டார். “படி, வேண்டாங்கல. முடிச்ச கையோட வேலை கிடைச்சா உன் பாடு. கிடைக்கலன்னா அம்பத்தூர்ல மாமன் கடையில ஆளு கேட்டுக்கிட்டு இருக்கான். போயி பொட்டலம் மடி.”

முப்பிடாதி மூன்று வருஷமும் அம்பத்தூரை எண்ணியே படித்தான். தன் பேரை ஆதி என்று சுருக்கிக்கொண்டான். முழுப் பேரில் யாரும் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சிரித்துக்கொண்டே பேசினால் சிரிப்பு கேட்கிறவருக்கும் போய்ச் சேரும் என்று வகுப்பில் சொன்னார்கள். விடுதிக் கண்ணாடி முன்னால் பல்லைக் காட்டியபடி பேசிப் பழகினான். வேகமாகப் பேச வேண்டும் என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் காற்றோடு போட்டி போட்டுப் பேசினான். இரண்டு வாக்கியம் துள்ளிக்கொண்டு ஓடும். மூன்றாவதில் யாராவது ஒருவர் பேர் வரும். அவ்வளவுதான், குரல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத் துட்டி வீட்டுக்குள் போய்விடும்.

“ஏலே, பல்லக் காட்டிக்கிட்டு எழவு சொல்லுத மாதிரி இருக்குல” என்பான் அறைத்தோழன் ஜெனிஸ். புன்னைக்காயல்காரன், கேமரா படித்தவன். “சொந்தக்காரன் எவனும் கேட்டா ஒன்னைய அடிச்சிப்புடுவான்.”

“போல. இதுக்குப் பேரு பேஸ் வாய்ஸ்.”

கடைசிப் பருவத்தில் வாய்ப்பு வந்தது. நகரத்தில் ஒரு எஃப்.எம். நிலையம் காலை நிகழ்ச்சிக்குப் புதுக் குரல் தேடியது. முதல் சுற்றுக்குப் போனில் பேசி அனுப்பினால் போதும். அனுப்பினான், கூப்பிட்டார்கள்.

நிகழ்ச்சித் தலைவர் பத்மப்ரியாவுக்குப் பூர்வீகம் ஆழ்வார்திருநகரி. ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூரு. கருட சேவைக்குக் காரில் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காரிலேயே திரும்பிப் போனவர். ஆட்டோக் குழாய் அவர் காதில் விழுந்ததே இல்லை.

“இந்த ஊர்ல இப்படி ஒரு வாய்ஸா! எங்க ட்ரெயின் பண்ணீங்க?” என்றார்.

“ஃபீல்டுல மேடம்” என்றான் முப்பிடாதி. பொய் இல்லை.

“வெரி குட். வெள்ளிக்கிழமை காலையில லைவ் ட்ரையல். நல்லா வந்தா ஸ்லாட் உங்களுக்குத்தான். ஒரு ஸ்பான்சர் இருக்கார். அவருக்கான ஸ்க்ரிப்ட்டும் நீங்களே எழுதணும், அதையும் பார்ப்போம்.”

ஸ்பான்சர் உடன்குடி லிங்கதுரை. சுற்று வட்டாரத்தில் அவர் கடைப் பாத்திரம் இல்லாத சமையல்கட்டு கிடையாது. வெள்ளிக்கிழமைதான் புதுக் கடை திறக்கிறார். முப்பிடாதி போன் போட்டு விவரம் கேட்டான்.

“எழுதிக்கோ எய்யா. மூத்தவன் சின்னத்துரை, இளையவன் ஜெயமுருகன். மருமவன் பால்ராஜ் பேர விட்டுராத, அவன் பொல்லாத கோவக்காரன்.”

இந்த மாதிரிக் குடும்ப வரிசையை எழுத முப்பிடாதிக்குச் சொல்லியா தர வேண்டும்? பேனா தானாக ஓடியது. யார் முன்னால், யார் பின்னால், எங்கே ‘ஆகியோரின்’, எங்கே ‘அவர்களின்’ என்று எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. இவ்வளவு சரளமாக எதையும் எழுதியதில்லை என்று அவனுக்கே பூரிப்பு. அது ஏன் அவ்வளவு சரளமாக வருகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, “வணக்கம் தூத்துக்குடி! நான் உங்க ஆதி!” என்று தொடங்கினான். துறைமுக ரோட்டு லாரி நெரிசலை வைத்து ஒரு நகைச்சுவை, மழை வருமா வராதா என்று ஒரு கேள்வி, ஒரு துள்ளல் பாட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்மப்ரியா கட்டைவிரலை உயர்த்தினார். அம்பத்தூர் வெகு தூரத்துக்குப் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் தாளை எடுத்தான்.

“உடன்குடி லிங்கதுரை அவர்கள்.”

ஒரு மூச்சு.

“சின்னத்துரை, ஜெயமுருகன் ஆகியோரின் தகப்பனாரும், பால்ராஜ் அவர்களின் மாமனாருமாகிய... லிங்கதுரை அவர்கள்.”

இன்னொரு மூச்சு. தேநீர்த் தட்டோடு கண்ணாடிக்கு வெளியே வந்த ஞானபாய் அக்கா, தட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

புதிய பாத்திரக்கடை, இன்று காலை பத்து மணியளவில், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் வருக என்று மிச்சமும் வாசித்தான். ஆனால் உடன்குடி, பரமன்குறிச்சி டீக்கடைகளில் யாரும் மிச்சத்தைக் கேட்கவில்லை. பேரைக் கேட்டதுமே பாதிப் பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

முதல் அழைப்பு வந்தது. நேரலை.

“எய்யா, லிங்கதுரை அண்ணாச்சி எப்பம் போனாவ? நேத்து சாயந்திரம்கூட நம்ம கடையில வடை தின்னாவளே!”

முப்பிடாதி அவசரமாக மைக்கை நெருங்கினான். பதற்றத்தில் துள்ளல் எல்லாம் உதிர்ந்து, சொந்தக் குரல் வெளியே வந்துவிட்டது. “அண்ணாச்சி நல்லபடியா இருக்காவ” என்றான்.

“ஆமாய்யா. இனி நல்லபடியாத்தான் இருப்பாவ. கஷ்டப்படாமப் போனாவள்லா?”

பத்மப்ரியா பாய்ந்து வந்து பாட்டைப் போட்டார்.

அங்கே லிங்கதுரை திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டையில் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். தெரு முனையில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. வாசலுக்கு வந்து, “யாருல செத்தது?” என்றார்.

மாலையோடு முன்னால் நின்றவன் சொன்னான்: “நீங்கதான் அண்ணாச்சி.”

கோபக்கார மருமகன் பால்ராஜ் திருநெல்வேலியிலிருந்து கார் பிடித்து, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து இறங்கினார். உயிரோடு நின்ற மாமனாரைப் பார்த்ததும், அழுத அழுகை வீணாய்ப்போன ஆத்திரத்தில் அவரோடேயே சண்டைக்கு நின்றார். வந்த கூட்டத்துக்கு வேறு கவலை. துட்டிக்குக் கிளம்பிய கால் சும்மா வீடு திரும்பக்கூடாது என்று ஒரு கிழவி சொல்லிவைக்க, எல்லாருமாகப் புதுக் கடைக்குப் போய் ஆளுக்கொரு சொம்பு வாங்கினார்கள். மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் குத்துவிளக்குக்குப் போட்டார்கள். மதியத்துக்குள் கடையில் சொம்பு தீர்ந்துபோயிற்று.

நிலையத்தில் ஞானபாய் அக்காதான் விஷயத்தை உடைத்தார். “எங்க மணப்பாட்டுப் பக்கமெல்லாம் இந்தத் தம்பிதான் மேடம் துட்டி சொல்லுவாவ. எங்க வீட்டுக்காரர் போனப்பகூட இவியதான் வாசிச்சாவ.” முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டான். “நல்லா வாசிச்சாவ மேடம். அந்த மனுசன் பேர அவ்வளவு மரியாதையா, உசிரோட இருக்கையில ஒருத்தரும் சொன்னதில்ல” என்றார் அக்கா.

பத்மப்ரியா அவனை உட்காரச் சொன்னார். திட்டவில்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

“நீங்க பேசினா கேக்கிறவங்க நின்னுடறாங்க, ஆதி. காலையில யாரும் நிக்கக்கூடாது. பஸ்ஸைப் பிடிக்கணும், பிள்ளையை ஸ்கூல்ல விடணும். ஸ்லாட் உங்களுக்குத் தர முடியாது.”

“பழகிருவேன் மேடம். ஒரு மாசம் குடுங்க.”

“மூணு வருஷமாப் பழகியிருக்கீங்க இல்ல?”

அப்போது போன் அடித்தது. லிங்கதுரை. பத்மப்ரியா மன்னிப்புக் கேட்கத் தயாராகி, ஸ்பீக்கரில் போட்டார்.

“யம்மா, அந்தப் பயல எங்க? தீவாளிக்கும் அவனே எழுதட்டும். ஒரு பேரு விடல பாத்தீயளா! அவனே வாசிக்கட்டும். ஆனா எம் பேரு வேண்டாம்.” கொஞ்சம் யோசித்தார். “எதுத்த கடைக்காரன் பேரப் போட்டு வாசிக்கச் சொல்லுங்க.”

பத்மப்ரியா முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார். இந்த வட்டாரத்து விளம்பரதாரர்களுக்குப் பாத்திரத்தைவிடத் தங்கள் பிள்ளைகள் பேர் ரேடியோவில் வருவதுதான் முக்கியம் என்பது அவருக்கு அன்றுதான் புரிந்தது. அந்த வரிசை தெரிந்த ஆள் நிலையத்தில் வேறு யாரும் இல்லை. விளம்பரம் எழுதுகிற வேலை தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: எழுதுவதோடு சரி, மைக் பக்கம் வரக்கூடாது.

மைக்குக்காகவே மூன்று வருஷம் பல்லைக் காட்டியவன் அவன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அம்பத்தூர் ஞாபகம் வந்தது. “சரி மேடம்” என்றான். அதற்கு முன்னும் ஒரு மூச்சு விட்டான்.

அன்று வீட்டில், “வேலை கிடைச்சிருச்சி” என்றான். தாணுலிங்கம் தராசுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “எத்தன மணிக்குல பேசுவ?”

“பேசமாட்டேன்ப்பா. எழுதுவேன்.”

“பேசுததுக்குப் படிச்சிட்டு எழுதப் போறியாக்கும்.” பருப்பைப் பொட்டலம் கட்டினார். “போட்டும், கம்பெனி சம்பளம் போடும்லா?”

முப்பிடாதி இப்போது அந்த நிலையத்தில்தான் இருக்கிறான், விளம்பரங்கள் எழுதுகிறான். காலை நிகழ்ச்சியை மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் நடத்துகிறார். அவர் சிரித்துக்கொண்டே வாசிக்கிறவற்றில் பாதி இவன் எழுதியவை. அலுவலகத்தில் அவனை முப்பிடாதி என்று முழுப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறான்.