தகரக் கொட்டகையில் மழைப் பாடம்

நீலகிரி மலையில் கூடலூர்ப் பக்கம் நான் டீச்சராக இருந்தபோது தலைமையாசிரியர் எனக்கு ஒரு நல்லது செய்தார். அந்த நல்லது என்னைப் படுக்கையில் தள்ளப் பார்த்தது.

எனக்கு மூச்சிளைப்பு உண்டு. அதைப் பார்த்து இரங்கி, "கிளாஸெல்லாம் உங்களுக்கு வேண்டாமுங்க டீச்சர். ஆபீஸ்ல கணப்போரமா உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுங்க, போதும்" என்றார். கணப்பு, நாற்காலி, வேளைக்கு டீ. மகாராணிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, இளைப்பும் கூடியது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பிள்ளைகளை ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் எந்த வாத்தியார் குரலும் எடுபடாது. மழை என்றால் பாடம் கிடையாது, அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் மழை எப்போது விட்டது? பிள்ளைகள் சும்மாவே உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"அந்தக் கொட்டகையை எனக்குக் குடுங்க சார்" என்றேன்.

"நல்ல தொண்டை இருக்கிறவங்களாலயே முடியலீங்க. சரி, ஒரு வாரம் பாருங்க. முடியலைன்னா மறுபடி ஆபீஸ்தான்."

கத்த எனக்கு மூச்சில்லை; அதனால் கத்தாமலே ஆரம்பித்தேன். பலகையில் கணக்கை எழுதுவேன். பிள்ளைகள் சிலேட்டில் போட்டு உயர்த்திக் காட்ட வேண்டும். சரியென்றால் தலையாட்டுவேன், தப்பென்றால் புருவத்தைத் தூக்குவேன். வாயைத் திறந்தவர் ஆட்டத்தில் அவுட். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

வாரக் கடைசியில் மழை சட்டென்று நின்றது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கொட்டகையில் சத்தமே இல்லாததால் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, தலைமையாசிரியர் குடையும் கையுமாக வந்து நின்றார். உள்ளே வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள்.

"என்னங்க டீச்சர் இது..." என்று ஆரம்பித்தார்.

சமீபத்தில்தான் கப்பல் இறங்கி வந்த ஒரு சிறுமி நிமிர்ந்து, உதட்டில் விரலை வைத்து அவரை முறைத்தாள். மனிதர் வாயை மூடிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு சிலேட்டை வாங்கிக் கணக்கைப் போட்டு, எல்லாரையும் போல உயர்த்திக் காட்டினார்.

விடை தப்பு. நான் தயங்கவே இல்லை, புருவத்தைத் தூக்கினேன். அவர் அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

அதன் பிறகு ஆபீஸ் பேச்சே எழவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க மூச்சு வாங்கியபடியேதான் பலகை முன்னால் நின்றேன். அவ்வளவு சுகமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.