சுருதிப் பெட்டி பிடித்து வாங்கிய டெக்

அர்ச்சுனன் பகலில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மர ஆலையில் வேலை பார்த்தார். சனி, ஞாயிறுகளில் செமோர் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுவார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே சேர்த்த இசைத்தட்டுகள் இருநூறுக்கு மேல் இருந்தன.

ஊர்வலத்தில்தான் தொல்லை. வேன் குழியில் இறங்கினால் ஊசி எகிறிப் பாதிப் பாட்டைத் தாண்டிவிடும். 1981இல் எல்லாவற்றையும் கேசட்டுக்கு மாற்றத் தீர்மானித்து, கேசட்டில் பதிவதற்கு விளக்குகள் மின்னும் புது டெக் ஒன்று வாங்கினார். பலகை வீடு, நடந்தால் தரை அதிரும் என்பதால் தட்டு சுற்றும்போது யாரும் நடக்கக் கூடாது. மனைவி செல்லாயி அம்மிப் பக்கமே போகாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு மாதத்தில் நாற்பது கேசட் ஆயின.

அவற்றை முதன்முதலில் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனார். வேனில் இருந்த கேசட் பெட்டியில் போட்டதும் பாடகர் குரல் கீச்சென்று வந்தது.

"என்னா அண்ணே, மூக்கப் புடிச்சிக்கிட்டுப் பாடுறாங்களா?" என்றார் பெண்ணின் மாமா மாயாண்டி. பந்தலே சிரித்தது. அர்ச்சுனன் பெட்டியை நிறுத்திவிட்டுத் தலை நிமிராமல் ஒயரைச் சுருட்டினார்.

நாதஸ்வரம் வாசிக்க வந்த பழனியப்பன் அருகே வந்தார். "சுருதி ஏறிப் போச்சு. வீட்டுல கேட்டீங்களா?"

"வீட்டுல நல்லாத்தான் இருந்திச்சு."

"அதே டெக்குல கேட்டிருப்பீங்க. பதியும்போது மெதுவா சுத்துனா, போடும்போதும் மெதுவாத்தான் சுத்தும். தப்பு தெரியாது. வேற பெட்டியில போட்டாத்தான் வண்டவாளம் வெளிய வரும்."

அடுத்த ஞாயிறு இருவரும் சுருதிப் பெட்டியோடு ஈப்போவில் ஒரு ரேடியோ கடைக்குப் போனார்கள். கடை முதலாளியான சீனத் தவுக்கே நான்கு டெக்குகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் மைக்கைச் செருகி, சுருதிப் பெட்டியின் ஓசையை ஒரு நிமிடம் பதிந்தார்கள். பிறகு கேசட்டுகளைப் பக்கத்திலிருந்த ஷரபுதீனின் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பெட்டியில் போட்டார்கள். பழனியப்பன் கூடவே சுருதிப் பெட்டியையும் ஒலிக்கவிட்டார். ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாட்டு எப்பதான் வரும்லா?" என்றார் ஷரபுதீன்.

"இதுதான் பாய் பாட்டு. கொஞ்சம் பொறுங்க," என்றார் பழனியப்பன்.

முதல் இரண்டிலும் ஓசைகள் ஒன்றோடொன்று முட்டி அதிர்ந்தன. மூன்றாவதில் இரண்டும் ஒன்றாகி, எது கேசட், எது பெட்டி என்று பிரிக்க முடியவில்லை. நான்காவது கொஞ்சம் இறங்கியிருந்தது. வேனில் போட்டுப் பார்த்தபோதும் மூன்றாவதே பொருந்தியது. அது கடையில் வெகுநாள் காட்சிக்கு வைத்திருந்த, மூடியில் கீறல் விழுந்த டெக். மின்னும் விளக்கு ஒன்றுகூட இல்லை.

"இதையா?" என்றார் அர்ச்சுனன்.

"கண்ணால பாக்காதீங்க. காதால பாருங்க," என்றார் பழனியப்பன்.

அதையே வாங்கினார். நாற்பது கேசட்டையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினார். "திரும்பவும் நான் நடக்கக் கூடாதா?" என்று செல்லாயி முணுமுணுத்தார். ஆனாலும் உட்கார்ந்தார். மறு வருடக் கடைசியில் இருநூறு தட்டுகளும் கேசட்டுக்கு மாறிவிட்டன. இப்போது அந்தக் கேசட்டுகள் எந்த ஊர்ப் பெட்டியிலும் ஒரே மாதிரி பாடின.

சேதி பரவி, தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்தவர்களும் தங்கள் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஷரபுதீனும் கீறல் விழுந்த ஒரு நாகூர்ப் பாட்டுத் தட்டைக் கொடுத்தார்.

கேசட்டைத் திருப்பித் தரும்போது அர்ச்சுனன் தயங்கினார். "டக் டக்குன்னு ஒரு சத்தம் வருது பாய். அத மட்டும் எடுக்க முடியல."

"இருக்கட்டும்லா," என்றார் ஷரபுதீன். "என் வீட்டுக்காரி சுபைதா அந்தச் சத்தத்தோடதான் கேட்டுப் பழகியிருக்கா."