ஆணிதான் திரும்பியது

இரண்டு வாரம் முன்பு என் இடது கட்டைவிரலில் ஓர் ஆணி இறங்கியது. ஊசி மாதிரி மெல்லிய ஆணிதான். ஒரு டி.டி. ஊசி, நாலு நாள் கட்டு — விரல் ஆறிவிட்டது. ஆறாதது வேறு.

செல்வராஜ் என் ரயில் சிநேகிதன். தாம்பரத்திலிருந்து பீச் வரை முப்பது வருடம் ஒரே பெட்டியில் போனவர்கள். ரிட்டயர் ஆனதும் நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அவனோ இரும்புலியூர் வீட்டு மொட்டைமாடியில் கம்ப்ரஸரும், அதன் காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் நெயில் கன்னும் வாங்கிப்போட்டு போட்டோ ஃப்ரேம் செய்ய ஆரம்பித்தான். தனியாள். அந்த ‘டப்... டப்’ சத்தம்தான் அவனுக்குத் துணை.

ஒரு வருடமாக அவன் வலது கை நடுங்குகிறது. காபி தளும்பும். “ரொம்ப நடுங்குதாடா?” என்று கேட்பான்.

“யார் சொன்னா? கல்லு மாதிரி கீது மச்சான்!” என்பேன். வேறென்ன சொல்வது? லேசாகச் சிரிப்பான்.

அன்று ஃப்ரேம் மூலைக்காகச் சாய்வாக அறுத்த இரண்டு கட்டைகளை நான்தான் சேர்த்துப் பிடித்திருந்தேன். “விரலைத் தள்ளி வைடா” என்றான். நான் கேட்கவில்லை. டப். ரத்தம்.

கன்னைக் கீழே போட்டுவிட்டு, அறுபத்தைந்து வயது ஆள் விம்மி விம்மி அழுதான். என் வலி எனக்கு மறந்தே போனது.

விரல் கட்டைப் பிரித்ததும், கையோடு எடுத்து வந்திருந்த அந்த ஃப்ரேம் மூலையைப் பல்லாவரத்தில் எனக்குத் தெரிந்த கார்பென்டர் காதர் பாயிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட்ச்சது நேராத்தான் கீது சார். உள்ள மரத்து ரேகை இட்ச்சா ஆணி வளைஞ்சு சைடுல வந்துடும். எனக்கே எத்தினியோ தபா வந்துகீது. உங்க விரலு அங்க இன்னாத்துக்கு?”

நடுக்கம் காரணம் இல்லை. அவன் தப்பே இல்லை! ஆட்டோ பிடித்து ஓடினேன்.

மாடியில் கம்ப்ரஸர் இல்லை. யாருக்கோ கொடுத்துவிட்டானாம். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு கேட்டான். லேசாகச் சிரித்தான்.

“நீ இப்படித்தான்டா சொல்லுவே.”

“பாயையே கேளேன்!”

“அவர்கிட்டயும் சொல்லிக் குடுத்திருப்பே. கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னவன்தானே...”

ஆக, என் பொய்களை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. எனக்காக நம்புகிற மாதிரி இருந்திருக்கிறான்.

ஒரே ஒரு நாள் உண்மையைக் கொண்டுபோனேன்... அதற்கும் அதே சிரிப்புதான் கிடைத்தது.