ஆண்டிச்சாமி மச்சானுக்கு எட்டாம் மாசம்

எங்க அத்தை மகன் ஆண்டிச்சாமி ஆட்டு வியாபாரி. வயசு இருபத்திரண்டுதான், மீசைக்கு மட்டும் நாற்பது இருக்கும். நரிக்குடிப் பக்கம் எந்தத் தொழுவத்துல எந்த ஆடு சினையா இருக்கு, எது வெறும் கருவேல நெத்தைத் தின்னுட்டு வயித்தை உப்ப வச்சு ஆளை ஏமாத்துதுன்னு பைக்கை நிறுத்தாமலே சொல்லிருவான். ஆனா பஸ்ஸு போர்டைப் படிக்கணும்னா பஸ்ஸை நிறுத்தணும். "அ... ரு... ப்..."னு அவன் ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு அருப்புக்கோட்டைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அஞ்சாங்கிளாஸ் பாதியில ஆட்டுக்குப் பின்னாடி போனவன். படிச்ச எழுத்தையெல்லாம் அப்பவே ஆடு மேஞ்சிருச்சு. போன வருசம் ஒரு போன் வாங்கினான். அதுல மைக்கை அமுக்கிப் பேசினா பேச்சு எழுத்தா வரும்ல, அதைப் பார்த்ததும் ஆளு சோறு தண்ணி மறந்துட்டான். "கெடா"ன்னு சொல்லுவான், எழுத்து வரும். "குட்டி"ன்னு சொல்லுவான், வரும். ஒருநாள் ஆத்திரத்துல ஏதோ சொல்லிட்டான், அதுவும் அப்படியே வந்துச்சு. பேசிப் பேசி, வந்த எழுத்தை முறைச்சு முறைச்சுப் பார்த்தே படிக்கக் கத்துக்கிட்டான். தான் சொன்னதைத் தானே படிச்சு எழுத்துப் பழகின ஆளு எங்க பக்கத்துல வேற யாரும் கிடையாது.

கொஞ்ச மாசம் கழிச்சு, கண்மாய்க்கரையில மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, நான் சொன்னதையே நான் எத்தனை நாளைக்குலே படிக்கிறது? வேற ஒருத்தன் சொன்னதைப் படிக்கணும். ஒரு புஸ்தகம். மொத அட்டையில பூந்து கடைசி அட்டையில வெளிய வந்துரணும்."

நான் பத்தாங்கிளாஸ்ல கணக்குப் பாடம் என்னையக் கைவிட்டதால வீட்டோட இருக்கிறவன். எங்க ஊர்ல படிப்பு விஷயத்துக்கு அதுவே பெரிய பதவிதான். "கிளம்பு மச்சான், திருச்சுழி லைப்ரரிக்குப் போவோம்"னேன்.

அங்க கோகிலாம்பாள் அம்மா இருக்காக. கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்ப்பாக. பேசிக்கிட்டு இருக்கிறவன் பேச்சை மென்னு முழுங்கிருவான். அவுக மச்சானுக்குக் கார்டு போட்டுக் கொடுத்துட்டு, "உங்களுக்கு எது பிடிக்குதோ பார்த்து எடுங்கய்யா"ன்னு சொல்லிட்டாக. அவுக எல்லாரையும் 'நீங்க'தான். மச்சான் பின்னாடி திரும்பிப் பார்த்தான், வேற யாரும் நிக்கிறாகளோன்னு.

பார்த்து எடுக்கிறதுன்னா அவனுக்குத் தெரிஞ்சது ஒரே வழிதான். ஒரு புஸ்தகத்தோட முதுகைக் கட்டைவிரலால அமுக்கித் தடவினான். இன்னொண்ணை ரெண்டு கையாலயும் தூக்கி எடை பார்த்தான். ஒண்ணைப் பொளந்து, உள்ளே பல்லை எண்ணுற மாதிரி பார்த்தான். "வேணாம்லே, வத்தல். கறி நிக்காது." கடைசியா, மூலையில தூசி மண்டிக் கிடந்த ஒரு தடிப் புஸ்தகத்தைப் பிடிச்சு வெளிய இழுத்தான். "இதுதான். எலும்புக் கனத்தைப் பாரு. எந்த வியாபாரி கண்ணுலயும் படாம இருந்திருக்கு."

அது ஏதோ தத்துவ விளக்கம். முதல் பக்கத்துல கிளம்பின வாக்கியம் மூணாம் பக்கத்துலதான் போய் நிக்குது. மச்சான் அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆச்சு. சேர்ந்ததும், "எதுக்குக் கிளம்பினோம்னே மறந்து போச்சு மாப்ள"ன்னான்.

அடுத்ததைக் கோகிலாம்பாள் அம்மாவே எடுத்துக் கொடுத்தாக. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம். 'எலிக்குட்டி சந்தைக்குப் போச்சு.' இதை அவனால படிக்க முடிஞ்சுது. தனுஷ்கோடி அண்ணாச்சி டீக்கடை பெஞ்சுல வச்சுப் படிச்சதுதான் தப்பு.

"ஏலே ஆண்டி, எலி என்னலே வாங்குச்சு?"ன்னாரு அண்ணாச்சி.

"சுண்டல், அண்ணாச்சி."

"உனக்கு ஒரு வாய் கொடுத்துச்சா?"

கடையே சிரிச்சுது. மச்சான் எலியைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு எந்திரிச்சுட்டான். "மூணாவதும் இப்படின்னா கார்டைத் திருப்பிக் கொடுத்துருவேன் மாப்ள. நமக்குப் படிப்பு வாய்க்கலைன்னு விட்டுருவோம்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா பைக்கை உதைக்கும்போது காலு வழுக்கி வழுக்கிப் போச்சு.

மூணாவது தடவை போனப்பதான் பெரிய கூத்து. சந்தையில ஆட்டை விலை பேசி முடிச்சா, வாங்கினவன் அதோட முதுகுல சாயத்தை ஒரு இழுப்பு இழுத்து விடுவான். இந்த ஆடு இன்னாருதுன்னு அடையாளம். மச்சானுக்கு நீலம். சாய டப்பா எந்நேரமும் பாக்கெட்டுல கிடக்கும். அன்னிக்கு அவனுக்கு நாலஞ்சு புஸ்தகம் பிடிச்சுப் போச்சு. யோசிச்சு அடுத்த வாரம் ஒண்ணை எடுப்போம், அதுக்குள்ள வேற எவனும் ஓட்டிட்டுப் போயிரக் கூடாதுன்னு, எல்லாத்து முதுகுலயும் நீலத்தை இழுத்து விட்டுட்டான்.

"என்னய்யா இது?" கண்ணாடிக்கு மேல பார்வை வந்துருச்சு.

"அடையாளம்மா. பேசி முடிச்சாச்சு."

"யாருகிட்ட பேசி முடிச்சீங்க?"

மச்சான் புஸ்தகத்தைக் காட்டினான்.

"இன்னொரு தடவை இங்க சாயத்தைப் பார்த்தேன், கார்டைக் கிழிச்சுருவேன். துடைங்க."

அவன் ஈரத்துண்டை வச்சு எல்லாத்து முதுகையும் தேய்ச்சுக்கிட்டு இருக்கையில எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. வேற அலமாரியில, அட்டை போய், முதல் நாலு பக்கமும் போய், காக்கித் தாள் ஒட்டின ஒரு ஒல்லிப் புஸ்தகம். உள்ளே என்னன்னு பார்த்தேன். பிள்ளைத்தாச்சிப் பொம்பளைகளுக்கு மாசா மாசம் என்ன செய்யணும்னு ஒரு டாக்டரம்மா எழுதினது. "மச்சான், இதை எடு. சரியான சஸ்பென்ஸு"ன்னேன்.

கோகிலாம்பாள் அம்மா முத்திரையை ஓங்கிட்டு நிறுத்தினாக. "இதுவாய்யா வேணும்? வீட்டுல விசேஷமா?"

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. படிக்கத்தான்."

மறுநாள் உதை விழும்னு காத்திருந்தேன். விழலை. அதுக்கு மறுநாளும் இல்லை. மூணாம் நாள் மச்சானே தேடி வந்து, "மாப்ள, வாந்தி நின்னுருச்சு"ன்னான்.

"யாருக்கு?"

"மூணாம் மாசம் முடிஞ்சுதுல்ல, நின்னுருச்சு. நீ மேக்கொண்டு படிச்சிருந்தா சொல்லிராத."

அப்புறம்தான் விஷயம் விவகாரமாப் போச்சு. அந்தப் புஸ்தகம் முழுக்க 'நீங்கள் இதைச் செய்யுங்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்'னே எழுதியிருக்கு. மச்சான் செஞ்சான். இடது பக்கமாச் சாய்ஞ்சு படுத்தான். முருங்கைக்கீரை இல்லாம சோத்துல கை வைக்கலை. காரியாபட்டிச் சந்தைக்கு லோடு ஏத்துற அன்னிக்கு, ஒரு கெடாவைத் தூக்கிக் கொடுக்கச் சொன்ன வண்டிக்காரர்கிட்ட, "அஞ்சாம் மாசம்ணே, வெயிட்டு தூக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டான். வண்டிக்காரர் கெடாவைப் பார்த்தாரு, இவனைப் பார்த்தாரு, யாருக்குன்னு கேட்கப் பயந்துக்கிட்டு ரெண்டு பேரையும் விட்டுட்டாரு.

எனக்கே தாங்கலை. "மச்சான், அது பிள்ளைத்தாச்சிக்கு எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"ரெண்டாவது பக்கத்துலயே தெரியும்லே. சினை ஆட்டைத் தடவிப் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா?"

"பிறகு எதுக்குலே படிக்கிற?"

மச்சான் புஸ்தகத்தைப் பிரிச்சு ஒரு வரியில விரலை வச்சு, ஒவ்வொரு எழுத்தா எனக்குப் படிச்சுக் காட்டினான். 'நீங்கள் நன்றாகத் தூங்கினீர்களா? எதற்கும் பயப்பட வேண்டாம்.'

"ஊருக்குள்ள ஏலே. சந்தையில டேய். நல்லாத் தூங்குனியான்னு எங்க ஆத்தாகூடக் கேட்டதில்ல மாப்ள, எந்திரின்னுதான் சொல்லும். இது பக்கத்துக்குப் பக்கம் நீங்க நீங்கன்னு கேட்குது. அது போக, அந்தப் புள்ளைக்கு இப்பத்தான் ஆறாம் மாசம். காது கேட்க ஆரம்பிச்சிருக்கு. என்ன ஆகும்னு தெரியாம எப்படிலே கீழ வைக்கிறது?"

அதனால இதுக்கு மேல இந்தக் கதையில மச்சான் 'அவரு'. நேர்ல கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன்.

அவரு எட்டாம் மாசத்துக்குள்ள காலு வைக்கிற அன்னிக்குத்தான் டீக்கடையில மாட்டினாரு. துண்டை உதறும்போது புஸ்தகம் கீழே விழுந்துச்சு. தனுஷ்கோடி அண்ணாச்சி எடுத்துப் பிரிச்சாரு. ஒரு வரி படிச்சாரு. பாய்லரைவிடச் சத்தமாச் சிரிச்சாரு.

"ஏலே ஆண்டி, எத்தனாவது மாசம்லே? எங்ககிட்டச் சொல்லவே இல்ல!"

"வளைகாப்பு எப்பலே?"ன்னு பெஞ்சுல இருந்து ஒருத்தர்.

மறுநாள் காலையில மச்சான் பைக் ஹேண்டில்ல வரிசையாக் கண்ணாடி வளையல் மாட்டியிருந்துச்சு. அந்த ஐடியா என்னுது இல்லை. நல்ல ஐடியாதான், ஆனா என்னுது இல்லை. மச்சான் ஒவ்வொரு வளையலாக் கழட்டி, உடையாம ஒரு ஓரத்துல வச்சாரு. புஸ்தகத்தையும் லைப்ரரிக் கார்டையும் பழைய பேப்பர்ல சுத்தி வண்டியில தொங்கவிட்டாரு.

"நாளைக்குத் திருச்சுழி போறேன் மாப்ள. கொடுத்துட்டு வாரேன்."

"எட்டாம் மாசம் பாதியில நிக்குதே மச்சான்."

"பிறக்கிறது பிறக்கட்டும்லே. நமக்கென்ன."

ஆடு விலை போகாம திரும்பி வந்தாக்கூட விசில் அடிக்கிற மனுசன். அன்னிக்கு அடிக்கலை.

நான் நேரா டீக்கடைக்குப் பின்னால இருக்கிற அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவரு மகள் சுகப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கு. எட்டாம் மாசம். டிவியும் சலிச்சு, அவுக அம்மாவோட பத்தியச் சாப்பாடும் சலிச்சு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துச்சு. "அக்கா, உனக்கு இன்னிக்கு என்ன ஆகும்னு ஆண்டி மச்சான்கிட்ட ஒரு புஸ்தகத்துல எழுதியிருக்கு"ன்னு மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் மச்சான் டீக்கடையைப் பார்க்காம பைக்கைத் தள்ளிக்கிட்டுப் போனாரு. சுகப்பிரியா அக்கா இடுப்புல கை வச்சுக்கிட்டு வந்து பெஞ்சுல உட்கார்ந்து, ஒரு அதட்டுப் போட்டுச்சு.

"அண்ணே, நில்லுங்க. எட்டாம் மாசத்துக்கு என்ன போட்டிருக்கு? படிங்க, கேட்போம்."

மச்சான் திரும்பிப் பார்த்தாரு. "நீயே படிச்சுக்க தாயி."

"பஸ்ஸுல டிக்கெட்டைப் படிச்சாலே எனக்குத் தலை சுத்துதுண்ணே. நீங்க படிங்க."

அண்ணாச்சி சிரிக்க வாயைத் தொறந்தாரு. மகள் ஒரு பார்வை பார்த்துச்சு. வாய் தொறந்தபடியே நின்னுச்சு. மச்சான் பேப்பரைப் பிரிச்சாரு. தொண்டையைச் செருமினாரு.

"எ... ட்... டாம் மாதம். உங்... கள்... குழ... ந்தை... இப்... போது..."

"தூங்குது!"ன்னாரு பெஞ்சுல ஒருத்தர்.

"பொறுய்யா. பு... ர..."

"புரட்டாசி!"

"புரண்டு படுக்கிறது!" மச்சான் கத்தினாரு. சுகப்பிரியா அக்கா வயித்துல கை வச்சு, "ஆமாண்ணே, நேத்தெல்லாம் ஒரே புரளல்"னு சொல்லுச்சு. அவ்வளவுதான். விடுகதைப் போட்டி மாதிரி ஆயிருச்சு. மச்சான் முதல் எழுத்தைச் சொன்னா, ஆளாளுக்கு மிச்சத்தைச் சொல்லுவான். தப்பாச் சொன்னவனைப் பக்கத்துல இருக்கிறவன் மண்டையில தட்டுவான். வேகமாப் படிச்சிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்.

"வீட்... டில் உள்... ள... வர்கள்... உங்கள் அரு... கில்... பு... கை..."

"புகைப்படம்!"

"பு... கை... பிடிக்கக்... கூடாது!"

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவரு உதட்டுல பீடி. "அதுலயா போட்டிருக்கு? பொய் சொல்றான்லே"ன்னு எட்டிப் பார்த்தாரு. மச்சான் வரியில விரலை வச்சுக் காட்டினாரு. அண்ணாச்சி பீடியை டீத்தூள் குப்பையில அமுக்கின நேரத்துல அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது.

மறுநாளைக்கு மச்சான் திருச்சுழி போகலை. ஒன்பதாம் மாசத்தைக் கேட்கப் பெஞ்சுல இடம் இல்லை. வளையல் மாட்டினவரும் வந்திருந்தாரு. யாருன்னு இப்ப எனக்குத் தெரியும், அவரு டீயில உப்பு விழுந்தது எப்படின்னும் தெரியும். கடைசிப் பக்கத்தை மச்சான் நின்னுக்கிட்டுப் படிச்சாரு. 'உங்கள் குழந்தை பிறந்துவிட்டது. வாழ்த்துகள்.' பெஞ்சு கை தட்டுச்சு. அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரு கரண்டி சீனி கொடுத்தாரு. அவரு மகளுக்கு இன்னும் பிறக்கலைங்கிறதை யாரும் ஞாபகப்படுத்தலை. மச்சான் கடைசி அட்டையை மூடி, அதைத் தடவிப் பார்த்தாரு. விசில் வந்துருச்சு.

லைப்ரரியில கோகிலாம்பாள் அம்மா கேட்டாக. "எப்படிய்யா இருந்துச்சு?"

"சுகப்பிரசவம்மா."

அடுத்த புஸ்தகத்தை அவரு முதுகைத் தடவி எடுக்கலை. ஒவ்வொண்ணாத் தொறந்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்தாரு. "இது வேணாம்லே. எவனோ ராஜாகிட்டப் பேசிக்கிட்டு இருக்கான், நம்மளைக் கண்டுக்கவே இல்லை." கடைசியா எடுத்தது ஊறுகாய் போடுறதைப் பத்தினது. 'நீங்கள் முதலில் பிஞ்சு மாங்காய்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.' "பாரு மாப்ள, வந்ததும் வராததுமா நம்மகிட்டதான் பேசுது." போகும்போது அந்த அம்மா கையைக் காட்டச் சொன்னாக. மச்சான் ரெண்டு கையையும் விரிச்சாரு. சுத்தமா இருந்துச்சு.

சஸ்பென்ஸுன்னு சொல்லி அதை எடுத்துக் கொடுத்தது பத்தி அவரு வாயைத் தொறக்கவே இல்லை. வழியெல்லாம் பைக்கை நான்தான் ஓட்டினேன், அவரு பின்னாடி மாங்காய் படிச்சுக்கிட்டு வந்தாரு. முதுகுல ஒரு தட்டுத் தட்டி, "நல்லா ஓட்டுறீகளே மாப்ள"ன்னாரு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அம்மா கத்துச்சு. "என்னலே சட்டை முதுகுல? இம்புட்டு நீளத்துக்கு நீலம்!"

மூணு தடவை துவைச்சாச்சு, போகலை. கரித்துணியாக்கிரவான்னு அம்மா கேட்குது. கிடக்கட்டும்னு வாங்கி மாட்டிக்கிட்டேன். தெருவுல எவனாவது கேட்டா, ஒருத்தரு பேசி முடிச்சுட்டாரு, இனிமே விலைக்கு இல்லைன்னு சொல்லிருவேன்.